எதிர்க்காற்று

சாத்தூர் ஸ்டேஷனில் மதுரை வண்டிக்காகக் காத்திருக்கிறேன். பின்தெருவில் தீப்பெட்டிக் கம்பெனிக் கழிவை எரிக்கிறார்கள். கந்தகப் புகை பிளாட்பாரத்துக்கு வந்ததும், வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பெரியவர் துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார். புகை கலைந்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

"உடம்புக்கு முடியலையா ஐயா?" என்கிறேன்.

"நாப்பது வருசத்துக்கு முன்னால, மொத உலகச் சண்டையில பிரான்சுல இருந்தேன் சார். வெசப்புகை விடுறதுக்குன்னே வெள்ளைக்காரன் புதுசா ஒரு படை சேத்தான். அதுக்கு நானும் எங்கண்ணனும் சிலிண்டர் சுமந்தோம். அந்தப் படைக்குத் துரை, முன்னால காலேசுல ரசாயன வாத்தியாரு."

ஒரு விடியற்காலையில் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசியிருக்கிறது. இன்று வேண்டாம் என்று துரை போனில் மன்றாடியிருக்கிறார். மேலிடம் கேட்கவில்லை. கடைசியில் அவரே சிலிண்டரைத் திறந்திருக்கிறார். புகை இவர்கள் பதுங்குகுழிக்கே திரும்பியிருக்கிறது. அண்ணன் இவர் மடியிலேயே வெகுநேரம் மூச்சுத் திணறி இறந்துவிட்டார்.

"துரை மேல கோபம் வரலையா?"

"அன்னைக்கு வரலை. அவரும் பக்கத்துலதான் இருமிக்கிட்டுக் கெடந்தாரு. பெறகு தமிழ் தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிக்கிட்டு ஆசுபத்திரிக்கு வந்தாரு. ஆறுதல் சொல்ல வர்றாகன்னு எந்திரிச்சு உக்காந்தேன். ஒங்க அண்ணன் சாக எம்புட்டு நேரமாச்சுன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"சீக்கிரந்தான்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டு, நோட்டுல குறிச்சுக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு."