எங்கள் வேன் வீட்டை ஆண்டவர் மேட்டுக்கு ஏற்றின விதம்

வயசான காலத்தில் தலை சாய்க்க இடமில்லாமல் நிற்பது என்னவென்று உங்களுக்குத் தெரியவே கூடாது, பிள்ளைகளே. எனக்கும் எஸ்தருக்கும் அது தெரிந்தது. ஞாயிறு வகுப்புக்கு வரும்போதெல்லாம் ஜெப வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற எங்கள் வேனைத் தட்டிப் பார்த்து, "பெரியப்பா, இது ஓடுமா?" என்று கேட்கிறீர்கள். ஓடாது. ஓடாத வண்டி இந்த மேட்டுக்கு எப்படி வந்தது என்பதையே என் சாட்சியாக எழுதுகிறேன். பெருமை எனக்கில்லை, கர்த்தருக்கே.

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அங்கேயே தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டி, அங்கேயே கிழவனானேன். தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையாகக் கட்டிய லயத்தில் குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. அது மனுஷருக்கு இல்லை, வேலைக்குப் பதிந்த பேருக்குத்தான். வீட்டில் ஒரு பேராவது பதிவில் இருந்தால் காம்பரா இருக்கும். எஸ்தர் மூச்சிழுப்பு நோயினால் கொழுந்து பறிக்கப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். எங்கள் ஒரே மகள் ரூத்தை உடப்புசல்லாவையில் கட்டிக் கொடுத்தோம். கல்யாணம் முடிந்த கையோடு அவள் பேரைப் புருஷன் தோட்டத்துக்கு மாற்ற நானே அலைந்தேன். பொண்ணு போற இடத்தில் பேர் இருந்தால்தானே மரியாதை? கடைசியில் வயசாகிவிட்டதென்று என் பேரை வெட்டினார்கள். அப்போதுதான் எங்கள் காம்பராவில் ஒரு பேரும் மிச்சமில்லை என்பது எனக்கு உறைத்தது.

வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து சொன்னார்.

"சாமுவேலு, புதுக் குடும்பம் வருது. காம்பராவை விட்டுக் குடு."

"நாங்க எங்கங்கய்யா போறது?"

"ஊருக்குப் போயேன்."

எந்த ஊர்? இந்தியாவை நான் கண்ணால் கண்டதில்லை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த பிறகு எங்கள் சனத்துக்குப் பிரஜா உரிமையும் இல்லை என்றாகிவிட்டது. காணி கேட்கவும் வழியில்லை. மருமகன் காம்பராவிலோ அவன் தாய் தகப்பன், தம்பிமார் எல்லாரும் கால் நீட்ட இடமில்லாமல் படுத்திருந்தார்கள்.

டவுனில் கராஜ் வைத்திருந்த சிங்கள பாஸ் ஒருவர் எங்களுக்காக மனமிரங்கினார். ரொட்டி விற்கப் போகிற பழைய பாண் வேன் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி மிளகாய் ஆலைக்குக் கொடுத்துவிட்டு, வெறும் கூட்டை ஓரத்தில் விட்டிருந்தார். "இது ஓடாது. ஆனா நனையாது. கொண்டு போங்க" என்று, தன் லொறியில் கட்டி இழுத்து வந்து தோட்டத்து ரோட்டோரத்தில் விட்டார். ரோட்டுக்குக் கல் குவிப்பதற்காக மண் மேட்டைக் குடைந்த இடம் அது. பின்னால் மேடு, முன்னால் ரோடு, ரோட்டைத் தாண்டினால் பள்ளம். காற்றுக்குப் பயந்து வேனின் பின் கதவை மேட்டுப் பக்கம் வைத்தோம். முன்பக்கம் கண்ணாடி இல்லை. பலகையும் தகரமும் வைத்து வெளியிலிருந்து நானே ஆணி அடித்தேன்.

கண்டாக்கையா வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சக்கரத்தைக் கழட்டிடாதே. சக்கரம் இருந்தா வண்டி. கழட்டிக் கல்லு மேல ஏத்தினா வீடு. வீடு கட்டத் தொரை விடமாட்டாரு" என்றார். அதனால் சக்கரத்தோடேயே இருந்தோம். சக்கரத்துக்கு அண்டைக்கல் மட்டும் வைத்தேன்.

முன்னே எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்த கருப்பையா சிரித்தான். மாரியம்மன் திருவிழாவில் தேர் இழுக்கிற ஆட்களுக்கு அவன்தான் தலைவன். "அண்ணே, நாங்க சாமியையே வருஷத்துக்கு ஒருக்காத்தான் தேருல ஏத்துறோம். நீங்க அக்காவைக் கூட்டிக்கிட்டு நிரந்தரமா ஏறிட்டீங்களே!"

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே போனால் சிரிப்பு வராது. நிமிர்ந்து நிற்க முடியாது. ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் மற்றவர் உட்கார வேண்டும். தகரம் வியர்த்துப் பாயெல்லாம் ஈரம். கதவைத் திறந்தால் மூக்குக்கு நேரே மண் மேடு. எஸ்தர் அதைப் பார்த்து, "குழிக்குள்ள இருந்து பார்க்கிற மாதிரி இருக்குங்க" என்பாள். ஜெப வீட்டுப் பக்கத்தில் வேனை நிறுத்திக்கொள்ளலாம் என்று பாஸ்டர் ஐயா சொல்லியிருந்தார். அந்த இடம் தோட்ட எல்லைக்கு வெளியே. ஆனால் அதற்கு ஏறுகிற பாதையில் லொறி திரும்பாது. பாஸ் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். "ஆண்டவரே, ஒரு எஞ்சின் கொடும்" என்று தினமும் ஜெபித்தேன். எஞ்சின் வரவில்லை. வைகாசி மழைதான் வந்தது.

அந்த வாரம் ரூத்தைப் பார்க்கப் போகிறோம் என்று லயத்தில் சொல்லியிருந்தோம். மழையில் பஸ் நின்றுவிட்டதால் போகவில்லை. ஒரு முற்பகலில் எஸ்தர் படுத்திருந்தாள். நான் பைபிளைத் திறந்தேன். பின்னால் மூட்டை சரிந்தது போல ஒரு சத்தம். வேன் முன்னுக்குத் தள்ளியது. பிறகு இருட்டு.

மேடு சரிந்து பின் கதவை மூடிவிட்டது. தள்ளிப் பார்த்தேன். கதவு அசையவில்லை, வேன்தான் அசைந்தது. முன்பக்கத் தகரத்தை உடைக்கலாமென்று எழுந்து இரண்டடி வைத்தேன். வண்டி பள்ளத்தைப் பார்த்து மெல்ல நகர்ந்தது. அண்டைக்கல்லை மழைத்தண்ணி வாரிக்கொண்டு போய்விட்டது போலும். அதோடு நின்றேன். பின்னால் மண், முன்னால் பள்ளம். நடுவில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு எஸ்தர். அசையவும் பயம், சும்மா இருக்கவும் பயம்.

அன்றைக்கு நான் நம்பிக்கையோடு ஜெபித்தேன் என்று எழுதினால் அது பொய். "இதுக்கா இத்தனை வருஷம் கூப்பிட்டேன்?" என்று வாய்க்குள் அழுதேன்.

எஸ்தர் என் கையைச் சுரண்டினாள். "என்னங்க முணுமுணுக்கிறீங்க? எனக்கே கேக்கல. சத்தமா ஜெபம் பண்ணுங்க."

"சத்தம் போட்டா வண்டி ஆடும் புள்ள."

"ஆடட்டும்."

கத்தினேன். "ஆண்டவரே! கதவைத் திறவும்! எங்களை விட்டுடாதேயும்!" தொண்டை கிழிந்தது. நான் நிறுத்தினால் அவள் இழுத்து இழுத்து, "இயேசுவே" என்பாள். எவ்வளவு நேரமோ தெரியாது. மழை பலமானதால் கொழுந்து நிறுத்தி லயத்துக்குத் திரும்பிய பெண்கள் காதில் அது விழுந்திருக்கிறது. பிறகு பல கால்கள் ஓடி வந்த சத்தம்.

"யாரு உள்ள? சாமுவேல் அண்ணனா? உடப்புசல்லாவை போகலையா நீங்க?" கருப்பையா குரல்.

"போகலடா!"

"அசையாதீங்க! மூக்கைக்கூடச் சொறியாதீங்க!"

முன் சக்கரத்துக்கு அவர்கள் வைத்த கல் சேற்றில் வழுக்குவது எங்களுக்குக் கேட்டது. கயிறு வேண்டும். அந்தக் கனத்தைத் தாங்குகிற கயிறு தோட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. கோயிலில் இருக்கும் தேர் வடம். அதைத் திருவிழாவுக்குத் தவிர வெளியே எடுக்க மாட்டார்கள். காலால் தாண்டக்கூட மாட்டார்கள். வெளியே ஒருவர் கேட்டார்: "அம்மன் வடத்தைக் கொண்டாந்து வேதக்காரரு வண்டிக்கா கட்டுறது?"

கருப்பையா சொன்னான்: "சரி, நீ போய் அம்மாகிட்டயே உத்தரவு கேட்டுட்டு மெதுவா வா. அதுக்குள்ள அண்ணன் பள்ளத்துல குடி போயிருவாரு."

கோயில் பக்கம் ஓடுகிற கால்கள் கேட்டன. வடம் வந்தது. வண்டியின் அடியில் புகுந்து கட்டினார்கள். மறுமுனையை மேட்டிலிருந்த மரத்தில் சுற்றினார்கள். தேர்ச் சக்கரத்துக்குப் போடுகிற மரக்கட்டைகளை முன்னால் செருகினார்கள். தகரம் பிய்ந்தது. வெளிச்சத்தோடு சேறு பூசிய கருப்பையா முகம் உள்ளே வந்தது. "வாங்க அக்கா முதல்ல" என்று எஸ்தரைத் தூக்கினான்.

நாங்கள் ரோட்டில் நின்றோம். அவர்கள் வடத்தை அவிழ்க்கவில்லை. "கையோட கையா மேல ஜெப வீட்டுக்கே கொண்டு போய் விட்டுருவோம்" என்றான் கருப்பையா. சேற்றை வெட்டித் தள்ளி, மழை தணிந்ததும் லயமே வடத்தைப் பிடித்தது. ஆணும் பெண்ணும் இழுக்க, கருப்பையா குரல் கொடுக்க, வளைவில் கட்டை போட்டுப் போட்டுத் திருப்பினார்கள். லொறி திரும்பாத பாதையில் எங்கள் வேன் திரும்பியது.

கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் வந்த எஸ்தரைப் பார்த்து ஒரு பெண், "அக்கா, நீங்க உள்ள ஏறி உக்காருங்க. தேருக்குள்ள சாமி இல்லாம இழுக்கக் கூடாது" என்றாள். எஸ்தர் சிரித்தாள். காம்பராவை விட்ட பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளே, இன்றைக்கும் வேனுக்குள் குனிந்துதான் நடக்கிறோம். ஆண்டவர் அதைப் பெரிதாக்கித் தரவில்லை. ஆனால் இங்கே சக்கரத்தைக் கழற்றிக் கல்லின் மேல் ஏற்றிவிட்டோம். போகச் சொல்ல ஆளில்லை. கதவைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது.

அடுத்த திருவிழாவில் நானும் போய் அவர்களோடு வடம் பிடிக்கலாமா என்று பாஸ்டர் ஐயாவைக் கேட்டேன். "வடம் பிடிக்க வேணாம். இறக்கத்துல யார் மேலயும் சக்கரம் ஏறாம பார்த்துக்க ஆள் வேணும்னா போங்க" என்றார். ஒவ்வொரு வருஷமும் போகிறேன். கட்டையோடு நிற்கிறேன்.

நான் எஞ்சின் கேட்டேன். அவர் என் அண்டை அயலாரை அனுப்பினார். ஸ்தோத்திரம். உங்களுக்கும் ஒரு நாள் மூச்சு முட்டும். அன்றைக்கு வெட்கப்படாமல் அவரைக் கூப்பிடுங்கள். அடுத்த வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை.