மூன்றரை வயது மகளோடும் மச்சானோடும் ஒரு தீம் பார்க் நாள்

எனக்கு ஓசூரில் வேலை. குடும்பம் புதுச்சேரி சாரத்தில். மாதத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவேன். மகள் யாழினிக்கு மூன்றரை வயது. போன மே மாதம், அவளுடைய ப்ளே ஸ்கூலுக்கு லீவு விட்டிருந்த சமயம், ஒரு சனிக்கிழமை அவளைக் குழந்தைகள் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனேன். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போது வேறு சிலவும் சேர்ந்துவிட்டன.

நான், மனைவி ரேவதி, யாழினி, மூன்று பேர் என்பதுதான் திட்டம். ரேவதி கதிர்காமத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேபிலிருந்து போன், மறுநாள் ஆள் இல்லை, வந்தே ஆக வேண்டும் என்று.

"மணியக் கூட்டிட்டுப் போங்க. ஒண்டியா உங்களால அவள சமாளிக்க முடியாது" என்றாள்.

மணி அவளுடைய தம்பி. வயது இருபத்து நாலு. லாஸ்பேட்டையில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் சாயங்கால வேலை. தினமும் பன்னிரண்டரைக்கு யாழினியை ஸ்கூலில் இருந்து கூட்டிவந்து, ரேவதி வரும்வரை பார்த்துக்கொள்பவன் அவன்தான். நல்ல பையன். நன்றி சொல்ல வேண்டியவன். ஆனால் என் மகளை என்னால் சமாளிக்க முடியாது என்று என் வீட்டிலேயே சொல்லும்போது எப்படி இருக்கும்? சரி என்று தலையாட்டினேன். வீம்புக்கு வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

காலை 9.20க்கு ஆட்டோ. சாரம் வீட்டிலிருந்து பூங்கா ஏழு கிலோமீட்டர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாஸ்பேட்டையைத் தாண்டி வடக்கே. டிரைவர் 250 கேட்டார், 200க்கு ஒத்துக்கொண்டார். யாழினி ஏறியதும் மணி மடியில் உட்கார்ந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா அப்பாவ விட்டு எறங்காது போலகீதே" என்றார். மணியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அப்பா நான்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பத்து மணிக்குத் திறக்கிறார்கள். வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து டிக்கெட். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், அதற்கு மேல் குழந்தைக்கு 250, பெரியவர்களுக்கு 350. யாழினி 94. வெயில் ஏறுவதற்குள் நல்ல விளையாட்டுகளை முடித்துவிடுங்கள். குதிரை ராட்டினம், கம்பளிப்பூச்சி ரயில், பந்துக் குளம் மூன்றும் நிழலில்தான் இருக்கின்றன. இரண்டு வயதுப் பிள்ளைகளும் தாராளமாக விளையாடலாம்.

மூன்றிலும் அவளுடன் போனது மணி. "மாமாதான்" என்று யாழினி ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள். குதிரையில் மணி, ரயிலில் மணி, பந்துக் குளத்தில் கழுத்துவரை மூழ்கிக் கிடந்ததும் மணி. நான் கம்பிக்கு வெளியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தேன். நாற்பத்தேழு போட்டோ. ஒன்றில்கூட நான் இல்லை. எல்லாவற்றிலும் அவன் சட்டை இருக்கிறது. கடைசிப் பத்துப் போட்டோவில் அவன் தலை தெரியாதபடி எடுத்திருக்கிறேன், இப்போது பார்க்க வெட்கமாக இருக்கிறது.

பதினொன்றரைக்குச் சின்ன ஜயன்ட் வீல் பக்கம் வந்தோம். மூன்று மாடி உயரம் இருக்கும், கூண்டு போட்டது. 90 சென்டிமீட்டர் இருந்தால் போதும், ஆனால் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். யாழினி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏத்தாதீங்க மாமா" என்றான் மணி. "அவ எதையும் மொதல்ல நின்னு பாப்பா. மூணு ரவுண்டு பாக்கட்டும், அப்பறம் அவளே கேப்பா."

என் மகளைப் பற்றி அவன் எனக்குச் சொல்லித் தருகிறான். "குதிக்கிற பலூன் வீட்டுக்கு சாக்ஸ் இல்லாம விடமாட்டாங்களாம். கேட்டாண்ட கடை இருக்கு, போய் ஒண்ணு வாங்கிட்டு வா" என்றேன். சாக்ஸ் பையிலேயே இருந்தது. ரேவதி இரண்டு ஜோடி வைத்திருந்தாள். எனக்குத் தெரியும்.

அவன் தலை மறைந்ததும் யாழினியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். முதல் சுற்றில் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது சுற்றில், கீழே ஆள் ஏற்ற வீல் நின்றபோது, எங்கள் கூண்டு உச்சியில் ஆடியது. வீறிட்டாள். என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் கூப்பிட்டது என்னை அல்ல.

"மாமா! மாமா!"

என்னைக் கட்டிக்கொண்டு இன்னொருவனைக் கூப்பிடுகிறாள். அந்த ஒரு நிமிஷத்தை மறக்க முடியாது.

கீழே மணி ஓடிவந்தான். கத்தவில்லை. புதிதாக வாங்கிய சாக்ஸை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, இரண்டு பொம்மைகள் சண்டை போடுவதுபோல ஆட்டிக் காட்டினான். யாழினி விக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கூண்டு கீழே வருவதற்குள் அழுகை நின்றிருந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

இறங்கியதும் அவனிடம் தாவினாள். தண்ணீர் எடுக்க அவன் பையைத் திறந்தான். சாக்ஸ் மேலாகவே இருந்தது. பார்த்தான். பாட்டிலை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டு ஜிப்பை மூடினான்.

சாப்பாட்டுக் கடையில் மூன்று பேருக்கும் தயிர் சாதம், 210 ரூபாய். காரம் இல்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். யாழினி பக்கத்து மணல் தொட்டியில் விளையாடப் போனாள்.

"சாக்ஸ் பையிலயே இருந்துச்சு மணி" என்றேன்.

"பாத்தேன் மாமா."

"உன்ன அனுப்பணும்னுதான் அனுப்பிச்சேன்."

"தெரியுது மாமா." சாதத்தைப் பிசைந்தான். "உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? டெய்லி மத்தியானம் என்ன மண்டிபோட வச்சி பஸ்ஸாக்கி முதுகு மேல ஏறிக்கிறா. 'ஓசூர் போ, அப்பாவ ஏத்திக்கினு வா'ன்றா. ஹாலுக்கும் சமையல்ரூமுக்கும் நாப்பது தடவ ஓசூர் போயிட்டு வர்றேன். முட்டி தேயறது எனக்கு, பேரு உங்களுக்கு. எனக்கு மட்டும் காண்டாவாதா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் பொறாமை போகவில்லை. அந்த பஸ் விளையாட்டை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லையே என்று புதிதாக ஒன்று முளைத்தது.

"மூணு ரவுண்டுனா, நின்னு பாக்கணுமா, தூக்கி வச்சிக்கணுமா?" என்று கேட்டேன்.

"கீழ வுட்டுருங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, அவ்ளோதான்."

மூன்றரை மணிக்குக் கப் அண்ட் சாசர், பெரிய கப்புக்குள் உட்கார்ந்து சுற்றும் ராட்டினம். நானும் அவளும் கம்பியோரம் நின்றோம். மணி தானாகவே ஐஸ்கிரீம் கடைப் பக்கம் போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்றாவது முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது முடிந்ததும் என் சுண்டுவிரலை இழுத்தாள்.

"அப்பா, மஞ்ச கப்பு."

சுற்ற ஆரம்பித்ததும் எனக்குத்தான் தலை கிறுகிறுத்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை சிமெண்ட் தரை கொதிக்கும், அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஒதுக்குங்கள். நீர்க்குளம் முழங்கால் ஆழம்தான், ஆனாலும் கையெட்டும் தூரத்தில் இருங்கள். மாற்றுத்துணி இரண்டு செட் வேண்டும். திரும்பும்போது வாசலில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்த ஆட்டோக்காரர் நம்பரையே வாங்கி வையுங்கள். முக்கியமாக, ஒரு நாளில் எல்லாவற்றிலும் ஏற்றிவிட நினைக்காதீர்கள். யாழினி ஏழு மணி நேரத்தில் ஆறே விளையாட்டுகள் விளையாடினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது, எனக்குத்தான் இன்னும் வேண்டியிருந்தது.

வீட்டில் ரேவதி கதவைத் திறந்ததும், "யார்கூடடி சுத்துன?" என்று கேட்டாள்.

"அப்பாகூட. அப்பா பயந்துக்கினாரு. நான்தான் கையப் புடிச்சிக்கினேன்" என்றாள் யாழினி.

ரேவதி சிரித்தாள். மணி கடைக்கு நேரமாயிற்று என்று வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். தன் பெயரும் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தான். வரவில்லை. நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மாமாகூட ரயில்ல போனதச் சொல்லு பாப்பா என்று எடுத்துக் கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு சாயங்காலம் மட்டும் எனக்கே இருக்கட்டும் என்று யாழினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.