சனிக்கிழமை நுரை

யக்ஞநாராயணனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் வாய் திறக்கும். வெட்கம் வந்தாலும் அதே காதுதான் சிவக்கும், ஆனால் வாய் திறக்காது. சேலையூரில் அவருக்கு அடுத்த வீட்டில் பல வருஷம் குடியிருந்தவள் நான். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

பாரிமுனையில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறினால் சாயங்காலம் இறங்குவார். தெருவில் அவரை எல்லோரும் யக்ஞம் சார் என்போம். சீட்டு, சினிமா, வெற்றிலை எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷனுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கடல் மீன் வளர்க்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. பங்களாதேஷ் யுத்தம் முடிந்த சமயம் அது.

பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் எட்மண்ட் சார். தெருக்கோடி வீடு; ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். தலையில் ஒரு முடி கிடையாது. அதை அவரே கேலி செய்துகொள்வார். “சீப்புச் செலவு இல்லாத சம்சாரி” என்பார். அவர் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் கோவளம் போய், பால் கேனில் கடல் தண்ணீரும் பாட்டிலில் மீனுமாகத் திரும்புவார்கள். முதல் தடவை குடுமியும் விபூதியுமாக யக்ஞம் சார் படகருகில் போய் நிற்க, மீன்காரி, “இன்னா சாமி, கொழம்புக்கா வறுவலுக்கா?” என்று கேட்டுவிட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி எட்மண்ட் சார் ஒரு மாசம் சிரித்தார்.

மீன் வந்துவிட்டது, உயிரோடு இருக்க வேண்டுமே. கடல் தண்ணீர் தொட்டிக்குள் சீக்கிரம் கெட்டுவிடும். எட்மண்ட் சார் நூலகத்தில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்து வந்து, ஒரு குழாய் செய்தார். தொட்டியின் மூலையில் நிற்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய். அடியில் கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு துண்டு. மூர் மார்க்கெட்டில் வாங்கிய சின்னப் பம்ப் அதற்குள் காற்றை ஊத, கட்டையின் நுண்ணிய துளைகள் வழியாகப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். தண்ணீரில் கரைந்த அழுக்கு குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, நுரையாகி, கழுத்தைத் தாண்டி ஒரு கிண்ணத்தில் வழியும். கிண்ணத்தில் சேர்வதைப் பார்த்தால் டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும். முகர்ந்தால்தான் தெரியும்.

காற்றுக் குழாயில் ஒரு திருகு வைத்திருந்தார்கள். எல்லாம் அந்தத் திருகில்தான். காற்று கூடினால் வெறும் தண்ணீர் பொங்கி வழியும், குறைந்தால் நுரை பாதியிலேயே உட்கார்ந்துவிடும். யக்ஞம் சார் பூஜையை முடித்த கையோடு திருகைத் தொடுவார், ஒரு மயிரிழை திருகுவார், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். “டீச்சர், இன்னிக்கு நுரை வறண்டு ஏறறது பாருங்கோ” என்று சுவருக்கு மேலே எட்டி என்னையும் கூப்பிடுவார். குழந்தை இல்லாத வீடு. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தால் எனக்கே மனசு நிறையும்.

ஒரே ஒரு தொல்லை. வாரம் முழுக்க ஒழுங்காக ஏறுகிற நுரை சனிக்கிழமை சாயங்காலம் பொத்தென்று விழுந்துவிடும். ஞாயிறு பூராத் திருகினாலும் அசையாது. திங்கள், செவ்வாயில் தானாக எழும். சனிக்கிழமை சாயங்காலம்தான் எட்மண்ட் சார் வருகிற நேரம். வந்து, நுரை விழுந்து கிடப்பதைப் பார்த்து, அவரும் திருகைத் தொடுவார். யக்ஞம் சாரின் காது சிவப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் மேனேஜர் சாம்பசிவன் குடும்பத்தோடு மீன் பார்க்க வந்தார். அபிதா மாமி, அதாவது யக்ஞம் சாரின் மனைவி அபிதகுஜாம்பாள், பிறந்தகம் போயிருந்ததால் காபி போட்டுக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மத்தியானம்தான் யக்ஞம் சார் தொட்டிக் கண்ணாடியையெல்லாம் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். ஆனால் விருந்தாளிகள் வந்தபோது நுரை இல்லை. தண்ணீர் கலங்கியிருந்தது. மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்று மல்லாந்துவிட்டது. மேனேஜர் பெண்டாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எட்மண்ட் சார் பதறிப்போய்த் திருகில் கை வைத்தார்.

“கையை எடுங்கோ!” என்று யக்ஞம் சார் கத்தினார். “நான் செட் பண்ணி வெக்கறதை வாராவாரம் இவர் வந்து கெடுத்துட்டுப் போறார் சார். தொடாதேன்னு நாசூக்கா சொன்னாப் புரியறதில்லே.”

அப்படி அவர் நாசூக்காகக்கூடச் சொன்னதில்லை. எட்மண்ட் சார் யாரையும் பார்க்கவில்லை. ஈரக் கையைக் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார். “ஸாரி சார்” என்றார். போய்விட்டார். நான் போட்ட காபி அவர் டம்ளரில் அப்படியே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று யக்ஞம் சாரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குள் அவர் வழக்கம்போல மேல்துண்டோடு தொட்டியைக் கழுவ நின்றார். சனிக்கிழமை என்றால் அவருக்கு எண்ணெய்க் குளியல் தவறாது. விடிகாலையில் தேய்த்த நல்லெண்ணெய், மாமி எவ்வளவு சீயக்காய் கரைத்துக் கொடுத்தாலும், அரைநாள் ஆபீஸ் போய்வந்த பிறகும் முழங்கைக்கு மேலே மினுங்கும். அந்தக் கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் பரவியது. பேசிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் இரண்டு பேர் கண்ணெதிரே, நுரை சரசரவென்று இறங்கி அடங்கிவிட்டது.

அவர் கையை வெளியே எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காது சிவந்தது. “எண்ணெய், டீச்சர்” என்றார்.

“தெருக்கோடிதானே சார். போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க” என்றேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். எட்மண்ட் வீட்டு கேட் வரை போனார், கொக்கியில் கை வைத்தார், திரும்பி வந்துவிட்டார். “பிரேயர் நடக்கறாப்பல இருக்கு” என்றார். பிரேயரும் இல்லை ஒன்றும் இல்லை, ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

அதற்கப்புறம் அவர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியே மாறிவிட்டது. தெருக்கோடி வழியாகப் போனால் எட்டு மணி வண்டி சுலபமாகக் கிடைக்கும். அவரோ இந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, மழைக்காலத்தில் சேற்றில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார். எண்ணெய்க் குளியலை அறவே விட்டுவிட்டார். தீபாவளிக்குக்கூட மாமியால் அவர் தலையில் ஒரு சொட்டு வைக்க முடியாது. எண்ணெயை விட முடிந்த மனுஷனுக்கு, போய் நின்று ஒரு வார்த்தை சொல்ல மட்டும் முடியவில்லை. கேட்டால், “இத்தனை நாள் கழிச்சு என்னன்னு சொல்றது டீச்சர்?” என்பார். நாள் கூடக் கூட அந்த வார்த்தை கனத்துக்கொண்டே போனது. தொட்டி மட்டும் ஜம்மென்று இருந்தது.

எமர்ஜென்சி வந்த வருஷம் எட்மண்ட் சார் ரிடையர் ஆகி, மகன் இருக்கும் திருச்சிக்கே போவதென்று முடிவானது. தெருவில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், யக்ஞம் சார் வீட்டையும் விடவில்லை. நானும் மாமியோடு பேசிக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

“வாங்கோ, வாங்கோ” என்றாள் மாமி. யக்ஞம் சார் எழுந்து நின்றார். காது சிவந்துவிட்டது.

எட்மண்ட் சார் நேரே தொட்டியிடம் போனார். தாம் செய்த குழாய். நுரை கெட்டியாக, வறண்டு, அழகாக ஏறிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். பார்க்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிக்கொண்டார்.

“நல்லா ஏறுது சார்” என்றார்.

“ஏறாம என்ன?” என்றாள் மாமி, ஒன்றும் அறியாமல். “இதுக்காக எண்ணெய் தேச்சுக்கறதையே விட்டாச்சே! இவர் கையில இருந்த எண்ணெய் பட்டுத்தான் சனிக்கிழமை சனிக்கிழமை நுரை விழுந்துதாம். நீங்க வரதை நிறுத்தினேளே, அந்த வாரமே கண்டுபிடிச்சுட்டார். உங்ககிட்ட சொல்லலையா?”

எட்மண்ட் சார் நிமிரவில்லை. நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு யக்ஞம் சாரின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் உதடு அசைந்தது. இத்தனை வருஷமும் வராத வார்த்தை அப்போதும் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

“எட்மண்ட் சார்... போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தரம் திருகிட்டுப் போங்கோ.” குரல் கெஞ்சியது.

எட்மண்ட் சார் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார். பழைய சிரிப்புதான். பின்னால் கோத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

“வேணாம் சார். இன்னிக்கு நான் தலைக்கு எண்ணெய் வெச்சிருக்கேன்” என்றார்.

ஜன்னல் வெளிச்சத்தில் அவருடைய வழுக்கைத் தலை உலர்ந்து கிடந்தது. மாமி காபி கலக்க உள்ளே போனாள். அவள் வருவதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.