அம்பு தெற்கே திரும்பினால்

வடதுருவத்தை ஒட்டிய அந்த விடுதியில் எல்லாரும் அவளை மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வானத்தில் பச்சையாய் நெளியும் துருவ ஒளி வரப்போவது தெரிந்ததும் மணி அடித்து விருந்தாளிகளை வெளியே வரவழைப்பது அவள் வேலை. அந்த மாதம் இரண்டு தடவை அடித்தாள். இரண்டு தடவையும் நாற்பது பேர் துண்டும் போர்வையுமாக ஓடி வந்து, கரிச்சட்டி மாதிரி இருந்த வானத்தை அண்ணாந்து பார்த்து, கழுத்து சுளுக்கித் திரும்பினார்கள்.

"மூணாவது தடவையும் ஏமாத்தினா லாண்டிரிக்குப் போயிடு" என்றார் மேனேஜர்.

லாண்டிரியில் கொடி கட்டிப் பறப்பது மணியக்காவின் நாத்தனார். வீட்டில் படுவது போதாதா?

"வாங்க அண்ணி, உங்களுக்குன்னு ஒரு இஸ்திரிப் பெட்டி எடுத்து வெச்சிருக்கேன்" என்று நாத்தனார் அன்றே அழைப்பு விடுத்துவிட்டாள்.

சூரியன் கொந்தளித்தால் சூரியக் காற்று சீறி வரும், வானம் பச்சையாகும். அந்த இரண்டு நாளும் மணியக்காவின் மேசைக் கணினித் திரையில் காற்றின் வேகம் நொடிக்கு எழுநூறு கிலோமீட்டர். இன்னும் என்ன வேண்டும்? வேகத்துக்குப் பக்கத்தில் வடக்கும் தெற்குமாக ஆடும் அம்புக்குறியை அவள் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தாள்.

மறுநாள் திரைச்சீலை வாங்க லாண்டிரிக்குப் போனாள். கதவைத் தோளால் முட்டினாள். அசையவில்லை. பின்னால் போய் ஓடி வந்து மோதினாள்.

"எவ்வளவு வேகமா முட்டினாலும் திறக்காது அண்ணி! உங்க பக்கமா இழுக்கணும்!"

மணியக்கா அப்படியே நின்றாள். வேகம் மட்டும் போதாது, திசையும் வேண்டும்! திரைச்சீலையை மறந்து ஓடிப்போய், அம்புக்குறியின் விளக்கத்தை முதல்முறையாகப் படித்தாள். சூரியக் காற்று தன்னோடு ஒரு காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது; அதன் திசையைத்தான் அம்பு காட்டுகிறது. அது வடக்கே பார்த்தால் பூமியின் காந்தப்புலம் பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொள்ளும். தெற்கே திரும்பினால் கதவு திறக்கும்.

அன்று மாலை வேகம் சுமார்தான். ஆனால் அம்பு தெற்கே திரும்பி ஒரு மணி நேரமாக அசையவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வானமெல்லாம் பச்சை! மணி அடித்தாள். ஓர் ஆள்கூட வரவில்லை. எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தம்மாவுக்கு வேற வேலை இல்ல. நீ குடி" என்றார் ஒருவர் மனைவியிடம்.

மணியக்கா மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"எவன்டா அணைச்சது?" என்று மேனேஜர் நாற்காலியில் இடித்துக்கொண்டு கத்தினார்.

"ஐயோ, என் சூப் பச்சையா இருக்கே!" என்றது ஒரு குரல்.

எல்லாரும் பெரிய ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கரண்டியும் கையுமாகக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர் சொன்னார்: "இனிமே நீ மணி அடிக்க வேண்டாம்."

மணியக்காவின் கண்முன் இஸ்திரிப் பெட்டி வந்து நின்றது.

"நேரா சுவிட்சையே அணைச்சிடு."

அப்போது லாண்டிரிப் பக்கமிருந்து அலறல் கேட்டது. "அண்ணி! கரண்ட் போய் மெஷின் நின்னுடுச்சு! அதோட கதவு திறக்க மாட்டேங்குது!"

"இழுத்துப் பாரும்மா" என்றாள் மணியக்கா, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.