பற்றாத அடுப்பும் கிட்டாத லீவும்

குவைத்துல அடுப்பு ரிப்பேர் பாக்குறவன்னு சொன்னா ஊர்ல ஒருத்தனும் பொண்ணு தரமாட்டான். நல்லவேளை, எனக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருச்சு. "அங்க அடிக்கிற வெயில்ல கல்லு மேல தோசை சுடலாமாமே, பொறவு எதுக்கு மச்சான் அடுப்பு?"ன்னு என் மச்சினன் இன்னும் கேப்பான். டிசம்பர், ஜனவரியில இங்க வந்து ஒரு வாரம் கிடந்து பாத்தா அவனுக்கே தெரியும்.

இது சோறு பொங்குற அடுப்பு இல்ல, ரூமைச் சூடாக்குற அடுப்பு. அரபிக்காரங்க தஃபாயாம்பாங்க. பாதி பீரோ உயரம் இருக்கும், முன்னால கண்ணாடிக் கதவு. மரத்தூளை அழுத்திச் செஞ்ச குச்சியை, அதான் பெல்லட், மேல இருக்கிற பெட்டியில கொட்டணும். உள்ள ஒரு திருகு சுத்திச் சுத்தி அந்தக் குச்சியை ஒரு சின்ன இரும்புச் சட்டியில தள்ளும். சட்டிக்குப் பின்னால ஒரு கம்பி பழுத்துத் தீயைப் பத்த வைக்கும். ஃபேன் புகையை வெளிய இழுக்கும். இதுல எது ஒண்ணு முரண்டு பிடிச்சாலும் தீ வராது. தீ வரலேன்னா எனக்கு போன் வரும்.

டூல் பாக்ஸைத் தூக்கிட்டு அடுத்தவன் வீட்டு வாசல்ல நின்னு, ஷூவைக் கழத்தணுமா வேண்டாமான்னு முழிச்சிருக்கியளா? அப்போ நீங்க நம்ம ஆளு. மேல படிங்க.

கை தூக்கின கதை

நான் வந்தது ஏசி மெக்கானிக்கா. கல்ஃப்ல ஏசிக்காரனுக்கு ஒரு சொர்க்கம் உண்டு: குளிர்காலத்துல வேலை கிடையாது, கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு ஊருக்குப் போயிரலாம். நாலு வருஷம் முன்னாடி கம்பெனி இந்த அடுப்பை இறக்குமதி பண்ணிச்சு. "யாருய்யா இதைப் படிக்கிறா?"ன்னு மேனேஜர் கேட்டார். அவர் மதுரைக்காரர், நல்ல மனுஷன்தான். நான் கையைத் தூக்கினேன். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதும்பாங்களே, அது இதுதான். கோடை பூரா ஏசி, குளிர் பூரா அடுப்பு. அதுக்கப்புறம் நாலு கிறிஸ்துமஸ் ஃபர்வானியாவுல ரூமுக்குள்ளயே போச்சு.

இந்த வருஷம் விட முடியாது. என் மக ஜெனிக்குப் புதுநன்மை, அதான் கோயில்ல முதல் தடவையா நற்கருணை வாங்குறது, கிறிஸ்துமஸ் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை. "எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா நிப்பாங்களாம், ஃபாதர் சொன்னாரு. எனக்கு இந்தப் பக்கம் யாருப்பா?"ன்னு போன்ல கேட்டா. லீவு பேப்பரை எழுதிக்கிட்டு நேரா மேனேஜர் முன்னால போய் நின்னேன். பேப்பரை அவர் தொடக்கூட இல்ல.

"இந்த ஊர்லயே அடுப்பு தெரிஞ்ச ஒரே ஆளு நீதான்யா. ஒன்னய விட்டுட்டு நான் என்ன குளிர் காயவா?"

ஏசி போட்டு மூட்டின தீ

ஒரு அரபி வீட்டு திவானியா. ஆம்பளைங்க கூடி உக்காந்து காப்பி குடிச்சுக் கதை பேசுற ஹாலு. தஃபாயா ஸ்டார்ட் ஆகலேன்னு கம்ப்ளெய்ன்ட். திருகைப் பாத்தேன், கம்பியைப் பாத்தேன், ஃபேனைப் பாத்தேன், எல்லாம் தங்கமா இருக்கு. அரை மணி நேரம் மண்டையை உடைச்ச பொறவுதான் டிகிரி காட்டுற போர்டைப் பாத்தேன். வீட்டுக்காரர் அடுப்பை இருபது டிகிரியில வச்சிருக்காரு. ரூம்ல ஏற்கெனவே இருபத்தாறு. ரூம் சூடாத்தானே இருக்கு, நான் எதுக்கு எரியணும்னு அடுப்பு சும்மா இருக்குது. அந்த ஹால்ல புத்தியுள்ளது அது ஒண்ணுதான்.

விஷயத்தைச் சொன்னேன். "முப்பதுல வை"ன்னாரு. வச்சேன், ஜோரா தீ பிடிச்சுது. பத்தே நிமிஷத்துல வந்திருந்தவங்க எல்லாம் தலைத்துணியால விசிறிக்கிட்டாங்க. வீட்டுக்காரர் அசரல, ரிமோட்டை எடுத்து ஏசியைப் போட்டாரு. "பாபா, அப்போ அடுப்பை நிறுத்திரலாமே?"ன்னு கேட்டேன். கண்ணாடிக்குள்ள ஆடுற தீயைப் பாத்துக்கிட்டே அவர் சொன்னது:

"எனக்குச் சூடு வேண்டாம். தீ வேணும்."

ஆடு முறைச்ச கதை

ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீடு. அங்க வேலைக்கு இருந்தது சேகர், ராமநாதபுரத்துக்காரன். தோட்டம், ஆடு, அடுப்பு எல்லாம் அவன் பொறுப்பு. அடுப்புல புகை மட்டும் வருது, தீ வரலேன்னான். கதவைத் திறந்தா, மாதாவே! வைக்கோலைக் கடாயில போட்டு வறுத்த மாதிரி ஒரு நாத்தம். சட்டியில கிடந்த குச்சியை எடுத்துப் பாத்தா பச்சை நிறம். மோந்து பாத்தேன். ஆட்டுத் தீவனம்!

ரெண்டு சரக்கும் ஒரே ஸ்டோர்ல, ஒரே மாதிரி வெள்ளைச் சாக்குல இருந்திருக்கு. ரெண்டுமே சின்ன விரல் மொத்தத்துல குச்சி. "ஏ மக்கா, இது தீவனம். அப்போ அடுப்புக் குச்சியை எங்க கொட்டுன?"ன்னு கேட்டேன். சேகர் கொட்டில் பக்கம் பாத்தான். பாத்த உடனே தலையில கை வச்சு உக்காந்துட்டான்.

"அதான் ரெண்டு நாளா திங்காம என்னயவே முறைச்சுச்சா! நான் சீக்குன்னு நெனச்சு டாக்டரை வரச் சொல்லிட்டேன்ணே!"

டேப்பு சார்

ஃபஹாஹீல்ல நம்ம தமிழ்க்காரர், பெரிய இன்ஜினியர். அடுப்போட மேனுவல் நூத்திச்சொச்சம் பக்கத்தையும் பிரின்ட் போட்டு, மஞ்சப் பேனாவால கோடு இழுத்து வச்சிருந்தாரு. நான் ஷூவைக் கழத்தும்போதே கிளாஸ் ஆரம்பிச்சிருச்சு. "பிரஷர் ஸ்விட்ச் போயிருக்கும். இல்லேன்னா மெயின் போர்டு. நீங்க முதல்ல பக்கம் அறுபத்தி ரெண்டைப் பாத்துட்டு வாங்க." நான் பக்கத்தைப் பாக்கல, பால்கனிக்குப் போனேன்.

புகைக்குழாய் வாயில நல்லா மூணு சுத்து பிளாஸ்டர் டேப்பு. கோடையில மணல்காத்து அடிச்சா இங்க எல்லா வீட்டுலயும் ஜன்னல், ஓட்டை எல்லாத்துலயும் டேப்பு ஒட்டுவாங்க; இவரும் ஒட்டி, மறந்துட்டாரு. புகை போக வழி இல்லேன்னா அடுப்பு தன்னைத் தானே நிறுத்திக்கிடும், அது அதுக்குப் படிச்சுக் கொடுத்த பாடம். டேப்பை உரிச்சேன், தீ பிடிச்சுது. அவரு வீட்டம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அடுக்களைக்குள்ள ஓடிட்டாங்க. சார் மட்டும் மேனுவலை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை புரட்டினாரு.

"டேப்பைப் பத்தி இதுல ஒரு வரிகூட போடலையே!"

பளபளன்னு ஒரு சட்டி

இதுதான் என்னை நாசமாக்கப் பாத்த வீடு. வயசான ஒரு அரபி மேடம், அவங்களுக்கு முட்டுவலி, அடுப்பு இல்லாம முடியாது. நான் போவேன், அடுப்பு எரியும். நான் வந்த மறுநாளு, எரியலேன்னு போன் வரும். ரெண்டு தடவை ஆச்சு. மேனேஜருக்கு மேடம் போன்ல கொடுத்த கொடுப்புல அவரே இறங்கி வந்தாரு. "இந்த ஒரு வீட்டை முடி. என்ன காரணம்னு ரிப்போர்ட்ல எழுதிக் கொண்டா. லீவுல கையெழுத்துப் போடுறேன்"னாரு. ஜெனிக்கு அப்பவே போன் போட்டுச் சொல்லிட்டேன். அவசரக்குடுக்கை நான்.

மூணாவது தடவை, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போயிட்டேன். அடுக்களை வழியா விட்டாங்க. அந்த வீட்டுல வேலைக்கு இருக்கிற லெச்சுமி, இலங்கையில ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பொண்ணு, சிங்க்குல நின்னு என்னமோ தேய்ச்சுக்கிட்டு இருந்தா. பாத்தா, அடுப்போட இரும்புச் சட்டி! சோப்பு போட்டு, கம்பி நார் போட்டு, புதுச்சட்டி மாதிரி மின்னுது.

"இது என்ன தங்கச்சி?"

"சட்டி தானேண்ணே. ஒரே கரி. கரியைக் கண்டா மேடம் ஏசுவாங்க, அதான் தினம் காலையில கழுவி வைக்கிறேன்."

"எங்க, மாட்டு பாப்போம்."

ஈரம் சொட்டச் சொட்ட மாட்டினா. முன்பக்கத்தைப் பின்பக்கமா. சட்டியில ஒரு ஓட்டை உண்டு, அது பின்னால இருக்கிற சூட்டுக் கம்பியைப் பாத்து இருக்கணும். இங்க ஓட்டை கண்ணாடியைப் பாத்து இளிக்குது. அப்புறம் எப்படித் தீ பிடிக்கும்? நான் ஒவ்வொரு தடவையும் வந்த உடனே சட்டியைப் பிடுங்கித் துடைச்சுச் சரியா மாட்டிட்டுப் போயிருக்கேன். எந்தப் பக்கமா இருந்துச்சுன்னு ஒரு நாளும் பாக்கல.

சொன்னேன். அவ மூஞ்சி வெளிறிப் போச்சு. போன வாரம் ஒரு கிளாஸ் உடைஞ்சப்போவே, இன்னொரு சாமான் கெட்டா வேலைக்குக் கூட்டிட்டு வந்த ஏஜென்சியிலயே கொண்டு விட்டுருவேன்னு மேடம் சொல்லியிருக்காங்களாம். வந்து எட்டு மாசந்தான். அழக்கூட இல்ல, கையைத் துடைச்சுத் துடைச்சு நின்னா.

ரிப்போர்ட்டை எடுத்தேன். காரணம்னு ஒரு கட்டம். 'கஸ்டமர் மிஸ்டேக்'னு எழுதினா என் லீவு கையில. அந்தத் தாளு மேடத்துக்கும் ஒரு காப்பி போகும். 'டெக்னீஷியன் மிஸ்டேக்'னு எழுதினா மேனேஜர் என்னைக் காய்ச்சி எடுத்துருவாரு. லீவைப் பத்திப் பேச வாயே இருக்காது. ஜெனியை நினைச்சேன். அந்தச் சவத்துப் பேனா அஞ்சு நிமிஷம் கையிலயே இருந்துச்சு. சட்டியை எப்படி மாட்டணும்னு இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது யாரு? நான்தானே. டெக்னீஷியன் மிஸ்டேக்னு எழுதி, மேடம்கிட்ட கையெழுத்து வாங்கினேன். லெச்சுமிக்கு ஓட்டையைக் காட்டிக் கொடுத்து, கழுவாம துடைச்சா மட்டும் போதும்னு சொன்னேன். வேன்ல ஏறினதும் கண்ணு கலங்கிருச்சு, அதை ஏன் மறைக்கணும்?

ஏறுறதுக்கு முன்னால, ரிப்போர்ட்டை எட்டிப் பாத்திருந்த அந்தப் பொண்ணு வாசல் வரைக்கும் வந்து கேட்டது:

"தப்பு செஞ்சது நானுன்னு உங்களுக்கு விளங்கும்தானேண்ணே? அப்ப ஏன் உங்க பேரை எழுதினீங்க?"

கையெழுத்து

மறுநாள் ஆபீஸ். மேனேஜர் ரிப்போர்ட்டை ரெண்டு தடவை படிச்சாரு. கண்ணாடியைக் கழத்தித் துடைச்சு, மூணாவது தடவையும் படிச்சாரு. "சட்டியைத் திருப்பி மாட்டுனியா? ரெண்டு வாட்டியும்?"

"ஆமா சார்."

"நாலு வருஷமா இதே வேலைதானய்யா பாக்குற?"

வார்னிங் லெட்டர் டைப் பண்ணச் சொன்னாரு, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். போன தடவை தொடாத என் லீவு பேப்பரை டிராயர்ல இருந்து அவரே எடுத்தாரு. கிழிக்கப் போறாருன்னு நினைச்சேன். ஜெனிகிட்ட என்ன சொல்லன்னு உள்ளுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டு நின்னேன். அவர் கையெழுத்துப் போட்டு, பேப்பரை என் முன்னால தூக்கிப் போட்டாரு.

"ஒரு சட்டி மாட்டத் தெரியாதவன சீசன் நேரத்துல வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்ண? ஊருக்குப் போய்த் தொலை. வேற ரெண்டு பேரைப் பழக்கிக்கிறேன்."

வேலை தெரிஞ்சவனா இருந்த நாலு வருஷமும் கிட்டாத கிறிஸ்துமஸ் லீவு, வேலை தெரியாதவன்னு என் கையாலயே எழுதிக் கொடுத்த மறுநாளே கிட்டிருச்சு. கோயில்ல ஜெனிக்கு அந்தப் பக்கம் நின்னது ஒரு வார்னிங் லெட்டர் வாங்கின டெக்னீஷியன்.