அக்காவுக்கு உருது தெரியும்

என் அக்காவைக் கொல்லப் போட்ட திட்டத்தை மாமா அவள் எதிரிலேயேதான் பேசினார். அடுப்படி வாசலில் சாய்ந்துகொண்டு, போனைக் காதில் வைத்து, உருதுவில். அக்கா சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

மாமா என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. அவர் அக்காவின் கணவர். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் லோடு மேஸ்திரி. வடக்கிலிருந்து தோல் ஏற்றி வரும் லாரிக்காரர்களோடு பேசிப் பேசி உருது வந்துவிட்டது. எங்கள் தெருவில் நிறைய ஆண்களுக்கு இப்படி வரும். வீட்டுக்குள் ‘ஜாஸ்தி’, ‘கம்மி’, ‘பேஜார்’ மட்டும் நுழையும். மற்றதெல்லாம் பெண்களுக்குப் புரியாது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

அக்கா ஷூ கம்பெனியில் தையல் வரிசையில் உட்காருபவள். இந்தப் பக்கம் ஒரு ஆபா, அந்தப் பக்கம் ஒரு ஆபா; முஸ்லிம் அக்காக்களை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். மாமியார் சண்டை, மகளுக்கு வந்த வரன், பிரியாணிக்கு எவ்வளவு மிளகாய், எல்லாமே உருதுவில்தான். அவள் வேலைக்குப் போய் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று மாமா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தப்பித்திருப்பார்.

அவருக்கு வேறொரு பெண்ணோடு பழக்கம். பிரிந்துவிடலாம் என்றார். “போ, ஆனா எதுக்குப் போறேன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டுப் போ” என்றாள் அக்கா. அது அவரால் முடியவில்லை. பிறகு வீட்டில் பேச்சே நின்றுபோனது. திடீரென்று ஒரு நாள் குழைந்து வந்தார். “ஞாயித்துக்கிழமை சோளிங்கர் மலைக்குப் போய்ட்டு வரலாமா?”

அன்று மாலைதான் அந்தப் போன்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“டேய், திரும்பி வரும்போது வாலாஜா தாண்டி வண்டிய நிறுத்துவாராம். ஒண்ணுக்குப் போறேன்னு இறங்கிடுவாராம். நான் வண்டிகிட்ட தனியா நிப்பேனாம். லாரி தட்டிட்டுப் போய்டுமாம்.”

“நல்லாப் புரிஞ்சுதாக்கா?”

“நடுவுல தமிழ்ல, சட்னில உப்பு கம்மியாப் போடுன்னாரு. அதுவும் புரிஞ்சுது.”

அம்மா அழ ஆரம்பித்தாள். நான் மனு எழுத உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொந்தக் கையால் மனு எழுதிய முதல் ஆள் நான்.

ஸ்டேஷனில் அதிகாரி மேலோட்டமாகப் படித்தார். “புருசன் பொண்டாட்டி தகராறு. கூப்ட்டு ரெண்டு தட்டு தட்டி அனுப்பிடறோம்.”

“தட்டி அனுப்புனா வேற நாளு, வேற லாரி சார்” என்றேன். “ரசீது குடுங்க.”

“இன்னா தம்பி, சட்டம் பேசறியா?”

“படிக்க வெச்சதே அதுக்குத்தான் சார்” என்றாள் அக்கா.

ரசீது வந்தது. ஆனால் சாட்சி வேண்டுமே. மறுநாள் மாலை அக்கா தன் போனை ரெக்கார்டிங்கில் போட்டு, முறத்துக்கு அடியில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்தாள். மாமா அதே வாசலில், அதே சாய்வில் நின்று, எந்த இடம், எத்தனை மணி என்று லாரிக்காரனுக்கு எல்லாம் சொன்னார். வெங்காயம் இருந்ததால் அவள் கண்ணீரைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

ஸ்டேஷனில் வாணியம்பாடியிலிருந்து வந்த பெண் காவலர் ஒருவர் இருந்தார். உருது அவருக்குத் தாய்மொழி. ரெக்கார்டிங்கை இரண்டு முறை போட்டுக் கேட்டார். “இந்தம்மா சொன்னதுல ஒரு வார்த்தை மாறல சார்.” அதிகாரி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமா குளித்து, நாமம் போட்டு, பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஜீப் திரும்பியது. நெடுஞ்சாலை டீக்கடையில் லாரிக்காரனை அதற்கு முன்பே பிடித்திருந்தார்கள்.

“சார், நாங்க கோயிலுக்குப் போறோம் சார்...”

அக்கா வாசற்படியில் நின்று அவரிடம் உருதுவில் சொன்னாள். நிறுத்தி, நிதானமாக. மாமாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அவர் ஜீப்பில் ஏறும்வரை அது மூடவில்லை.

“இன்னாக்கா சொன்ன?”

“இனிமே தமிழ்லயே பேசுங்க, எழுதிக்கிறவங்களுக்கு லேசா இருக்கும்னு சொன்னேன்.”

தெருவே சிரித்தது. அம்மாகூட.

வழக்கு நடக்கிறது. ரெக்கார்டிங் கோர்ட்டில் இருக்கிறது. மாமா ஜெயிலில் இருக்கிறார். அவரைப் பிடித்துப்போன அடுத்த வாரமே அக்கா சோளிங்கர் போயே தீருவேன் என்றாள். என் வண்டியில் போனோம். அத்தனை படிகளையும் எனக்கு முன்னால் ஏறினாள். திரும்பும்போது, வாலாஜா தாண்டியதும் முதுகில் தட்டினாள்.

“நிறுத்து.”

இறங்கி, சாலையோரம் வண்டியை ஒட்டி நின்றாள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. காற்றில் புடவை படபடத்தது. பையிலிருந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள்.

“பயமா இல்லியாக்கா?”

“பசிக்குதுடா” என்றாள், வாய் நிறைய.