வேலியை நகர்த்தியது என் பேய் அல்ல

வேலியை நகர்த்தியது நீங்கள்தான், மாஸ்டர்.

பெயரைப் போடக்கூடாது என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். சரி, போடவில்லை. இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் ஒரேயொரு மாஸ்டர்தான் இருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர். எனக்குப் பக்கத்து வளவு. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு கிழமைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை. நானும் இவரும் — இவர் என்றால் என் வீட்டுக்காரர் — காலையிலேயே தொண்டைமானாற்றுக்குப் போய், சந்நிதிக் கோயிலில் கும்பிட்டு, மடத்தில் சாப்பிட்டு, பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பினோம். படலையைத் திறந்து கிணற்றடிப் பக்கம் பார்க்கிறேன்... வேலி நெளிந்து கிடக்கிறது!

மாரி தொடங்க நாங்கள் புதிதாய் நட்ட கிளுவைக் கதியால்கள், உயிர்வேலிக் கம்புகள். இப்போதுதான் துளிர்விட்டு நின்றன. அவற்றில் ஐந்து, எங்கள் வளவுக்குள் ஒரு அடி உள்ளே வந்து நின்றன. கால் முளைத்து நடந்து வந்ததுபோல.

இவர் கதியால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“இஞ்சாரும், உம்மடை பேய் வந்திட்டுப் போயிருக்கு.”

நடுப்பக்கத்தில் நான் எழுதும் தொடர்கதையை வாசிக்காதவர்களுக்கு ஒரு விளக்கம். (ஏன் வாசிக்கவில்லை என்று பிறகு கேட்கிறேன்.) அதில் வருபவர் ஓய்வுபெற்ற விதானையார். இப்போது கிராம சேவையாளர் என்கிறோமே, அந்த உத்தியோகம். கையில் ஒரு கொப்பி, ஒரு அளவு நாடா. இதுவரை எட்டுக் கதைகள் முடிந்தன, இப்போது ஓடுவது ஒன்பதாவது. கோயில் மணி காணாமல் போனாலும் சரி, கள்ளக் காணி உறுதி முடித்தாலும் சரி, கடைசியில் ஒரு மனிதர்தான் பிடிபடுவார். விதானையாருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை.

ஆனால் எட்டுக் கதைக்குப் பிறகு அலுத்துவிட்டது. ஒரேயொரு பேய்க் கதை எழுத ஆசைப்பட்டேன். கடைசிப் பக்கத்தில் ‘அது பேயில்லை, பக்கத்து வீட்டுக்காரன்தான்’ என்று முடியாத கதை. அசல் பேய். இது பெரிய ஆசையா?

எழுத உட்கார்ந்தால்தான் தெரியும் பாடு. தனிக்கதை என்றால் எந்தப் பேயும் வரலாம், போகலாம். தொடரில் அப்படியில்லை. எட்டுக் கதையாக எதற்கும் அசையாத மனிதர் ஒன்பதாவது கதையில் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு ஓடினால் நீங்கள் விடுவீர்களா? கடிதம் போட்டே என்னை முடித்துவிட மாட்டீர்களா?

முதலில் வழக்கமான பேய் ஒன்றைத்தான் எழுதினேன். வெள்ளைச் சீலை, விரித்த தலை, கொலுசுச் சத்தம், புளியமரம். இவரிடம் காட்டினேன்.

“இது ஆர்?”

“பேய்.”

“எங்கடை பக்கத்துப் பேயோ?”

“பின்னை?”

“எங்கடை பக்கத்து மனிசி ஒண்டு, செத்தாப் பிறகு கொலுசு போட்டுக்கொண்டு புளியமரத்திலை ஏன் ஏறுது? அதுக்கு வேறை வேலையில்லையோ?”

கோபம் வந்தது. கிழித்துப் போட்டேன். ஆனால் கேள்வி நியாயம். எங்கள் ஊர் ஆள் ஒருவர் செத்தபிறகும் திரும்பி வருவதென்றால் எதற்காக வருவார்? காதலுக்காகவா? பழி வாங்கவா?

வேலிக்காக வருவார்!

கூடப் பிறந்தவனோடு அரை அடி வேலிக்காக இருபது வருடம் கதைக்காமல் இருக்கிறவர்கள் நாங்கள். செத்தால் மட்டும் மறந்துவிடுவோமா?

அப்படிப் பிறந்ததுதான் என் பேய். ஒருவர் செத்துப்போகிறார். குடும்பம் முழுக்க முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போன நேரம் பார்த்துப் பக்கத்து வளவுக்காரன் வேலியைத் தள்ளிப் போடுகிறான். அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை கதியால்கள் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. உருவமில்லை, சத்தமில்லை. புதிதாய்க் கிண்டிய மண் மட்டும். விதானையார் ஓடவில்லை. நாடாவை விரித்து அளந்து கொப்பியில் எழுதுகிறார். நம்பாத ஆள் அளக்க அளக்க, வாசிக்கிற ஆளுக்கு நம்பிக்கை வரும். இந்த வழியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் போனது.

பேய்க்குச் சட்டமும் வைத்தேன். பொய் வேலியை மட்டும்தான் தொடும். சரியான வேலியில் கை வைக்காது. வேலை முடிந்தால் போய்விடும். போகாவிட்டால் பத்தாவது கதையில் கள்ளன் வரும்போது ‘அந்தப் பேயைக் கூப்பிடுங்கோவன்’ என்று கேட்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

பொய் வேலியை மட்டும்தான் தொடும். நான் எழுதிய அந்த ஒரு வரிதான் என் கழுத்தைப் பிடித்தது.

ஞாயிறு இருட்ட முதலே ஒழுங்கை எங்கள் கிணற்றடியில் கூடிவிட்டது. மூலை வீட்டுப் பிள்ளை குனிந்து மண்ணைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அக்கா, பேய் பொய் வேலியைத்தானே தொடும்?”

“ஓம். கதையிலை.”

“அப்ப உங்கடை வேலி...”

மிச்சத்தை அவள் சொல்லத்தான் வேண்டுமா? அந்த எல்லையில் முதல் வேலி போட்டது என் அப்பா. நாங்கள் அந்தத் தடத்திலேயே திரும்ப நட்டோம். ஒரே பின்னேரத்தில், என் பேனையாலேயே, அப்பா காணிக் கள்ளன் ஆகிவிட்டார்.

அடுத்த நாள் காலை யாரோ வேலியடியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள். பத்து மணிக்கு அளவெட்டியிலிருந்து ஒரு ஐயா போன் எடுத்தார்.

“பிள்ளை, உங்கடை பேயை எங்கடை பக்கமும் ஒருக்கா அனுப்பி விடுங்கோ. தெற்கு வேலி. நாய் நிக்குது, ஆனா நாங்கள் கட்டி வைக்கிறம்.”

நான் போனை வைத்துவிட்டு நேரே மாஸ்டரிடம் போனேன். எப்படிச் சந்தேகம் வந்தது என்கிறீர்களா? இடம் கூடியது அவருக்குத்தானே! அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்து எழும்பவே கஷ்டப்பட்டார். முற்றமெல்லாம் நோவெண்ணெய் மணம்.

“மாஸ்டர், எங்கடை வேலியை ஆர் பிடுங்கினது?”

“எனக்கென்ன தெரியும், பிள்ளை? நேற்று முழுக்க நான் நாரிப் பிடிப்பிலை படுத்த படுக்கை.”

“நாரி எப்ப பிடிச்சது?”

“நேற்று... மத்தியானம் போலை.”

“படுத்திருக்கேக்கையோ?”

“நீர் உந்த விதானையார் மாதிரிக் கேள்வி கேக்காதையும். உம்மடை பேயைப் போய்க் கேளும். எழுதினது நீர்தானே?”

சிரிப்பு வேறு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விதானையார் மாதிரி என்றா சொன்னீர்கள்? சரி, விதானையார் செய்வதையே செய்தேன். வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன்.

மாஸ்டர் பிழை விட்ட இடம் இதுதான். நான் எழுதும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் பத்திரிகைக்கு அனுப்ப முன் வாசிப்பவர் அவர். வேலிக்கு மேலால் கொடுப்பேன். சிவப்புப் பேனையால் திருத்தி வேலிக்கு மேலால் தருவார். பன்னிரண்டு வருடப் பழக்கம். ஆனால் அச்சில் வந்ததை வாசிக்கவே மாட்டார். “நான் திருத்தினதுதானே, பிள்ளை” என்பார். அவ்வளவு பெருமை.

இந்தப் பேய்க் கதையின் ஏழாவது அத்தியாயத்தில் பேய் ஐந்து கதியால்களை ஒரு அடி நகர்த்துவதாக எழுதிக் கொடுத்தேன். ‘ஐந்து’ என்பதற்குப் பக்கத்தில் மாஸ்டர் சிவப்பால் சரி போட்டுத் தந்தார். வெள்ளிக்கிழமை எனக்கு மனம் மாறியது. ஐந்து கூடிப்போச்சு, பேய் அவசரப்படக்கூடாது. ஆசிரியருக்குப் போன் எடுத்து மூன்றாக்கினேன். ஞாயிறு பத்திரிகையில் வந்தது மூன்று. ஊர் வாசித்தது மூன்று.

எங்கள் வேலியில் நகர்ந்தது ஐந்து!

ஐந்து என்று தெரிந்தவர்கள் நாலு பேர். ஒன்று நான். இரண்டு இவர், என்னோடு சந்நிதியில் நின்றவர். மூன்று ஆசிரியர், அவருக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. நாலாவது ஆள் நாரியில் நோவெண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிறார்.

இத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. மாஸ்டரின் வாயை மொத்தமாக மூட வேண்டும் என்று நில அளவையாளரைக் கூப்பிட்டேன். காணி உறுதியையும் பழைய நில அளவைப் படத்தையும் அவர் கையில் கொடுத்தேன். அந்தத் தம்பி அரைநாள் கிணற்றடியில் நின்று அளந்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, ஒண்டு சொல்லட்டோ? கோபிக்காதேங்கோ.”

“சொல்லும், தம்பி.”

“இப்ப நிக்கிற இடம்தான் சரி. பழைய வேலிதான் அந்தப் பக்கம் போயிருக்கு.”

“வடிவாய்ப் பாத்தனீரோ?”

“மூண்டு தரம் பாத்தனான். கணக்குக்கு ஒரு அடியும் ஒரு விரலும் வரவேணும். நகர்த்தின ஆள் அந்த ஒரு விரலை உங்களுக்கு விட்டிருக்கு.”

வேலிக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு இருந்த மாஸ்டருக்குக் காது நல்லாய்க் கேட்கும்.

“பாத்தீரே, பிள்ளை? பேய் பொய் சொல்லாது.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மண்வெட்டியை எடுத்து... வேண்டாம், ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நான் மழுப்பப் போவதில்லை. எங்கள் வேலி பிழை. அப்பா தெரிந்து போட்டாரா, தெரியாமல் போட்டாரா என்று கேட்க அவர் இல்லை. பிழை பிழைதான். வளைந்து நிற்கிற மிச்சக் கதியால்களையும் இந்தக் கிழமை நானே நேராக்கி விடுகிறேன். எழுத்தில் தந்துவிட்டேன். வெட்டி எடுத்து உறுதியோடு வைத்துக்கொள்ளுங்கள், மாஸ்டர்.

ஆனால் நேரே கேட்டிருக்கலாமே? பன்னிரண்டு வருடம் வேலிக்கு மேலால் தாள் வாங்கிய மனிதருக்கு ஒரு வார்த்தை கேட்க வாயில்லையா? இதை இவரிடம் சொல்லிப் புறுபுறுத்தபோது, இவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

“மாஸ்டர் மாமாவிட்டை, உம்மடை அப்பாவிட்டை, ஒருக்காக் கேட்டவராம். மாமா பிறகு சாகுமட்டும் அவரோடை கதைக்கேல்லை. சரி, உம்மட்டைக் கேட்டிருந்தா நீர் குடுத்திருப்பீரோ?”

 

கொடுத்திருக்க மாட்டேன். ‘என்ரை அப்பாவையோ கள்ளன் எண்டுறியள்?’ என்று ஒழுங்கைக்குக் கேட்கச் சத்தம் போட்டிருப்பேன். கதைப்பதை நிறுத்தியிருப்பேன். அத்தியாயம் கொடுப்பதையும் நிறுத்தியிருப்பேன். அது மாஸ்டருக்கும் தெரிந்திருக்கிறது. அடுத்த அத்தியாயம் கிடையாமல் போய்விடுமே என்று பயந்துதான் எழுபது வயதில், உச்சி வெயிலில், ஐந்து கதியால்களைக் கிண்டி நட்டிருக்கிறார். பேய்க் கதைகள் எங்கள் பக்கத்தில் ஏன் இவ்வளவு செழிக்கின்றன என்று அன்றைக்குத்தான் விளங்கியது. உயிரோடு இருக்கிறவர்களிடம் கேட்க முடியாததைக் கேட்க, எங்களுக்கு ஒரு பேய் வேண்டியிருக்கிறது.

விளங்கியதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பிரச்சினை இனித்தான்.

வியாழக்கிழமை ஆசிரியர் போன் எடுத்தார்.

“அக்கா, கடைசி அத்தியாயத்திலை ஒரு ஆளைப் பிடியுங்கோ.”

“ஏன்?”

“இன்னும் ரெண்டு இடத்திலை வேலி நடந்திருக்கு. கேட்டா எங்கடை பத்திரிகையிலை வந்த பேயாம். ரெண்டு பகுதியும் எங்கடை கந்தோர் வாசலிலை வந்து நிக்குது, அக்கா.”

“என்ரை கதை பேய்க் கதை, தம்பி. பேய்தான் முடிவு.”

“அப்ப உங்கடை வேலியை நகர்த்தின ஆள் தானாய் வந்து ‘நான்தான்’ எண்டு சொல்லட்டும். சனம் கதை வேறை, வேலி வேறை எண்டு அடங்கும். நீங்கள் பேயை வைச்சிருங்கோ. இல்லாட்டி முடிவிலை பேய்க்குப் பதிலாய் ஒரு ஆளைத்தான் போடுவன். புதன்கிழமைக்கு முதல் எனக்குத் தெரியவேணும்.”

இன்றைக்கு நடுப்பக்கத்தில் வந்திருப்பது ஒன்பதாவது அத்தியாயம். அடுத்தது கடைசி. முடிவை இங்கேயே உடைத்துவிட்டேன் என்று திட்டாதீர்கள், எனக்கு வேறு வழி விடவில்லை. எட்டுக் கதையில் எட்டு மனிதர்களைப் பிடித்துக் கொடுத்தேன். ஒரேயொரு பேய்க்கு ஆசைப்பட்டேன். அதையும் கடைசிப் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரனாக மாற்றச் சொல்கிறார்கள். ஏன்? ஒரு கணக்கு மாஸ்டருக்கு ‘ஓம், நான்தான்’ என்று இரண்டு சொல் சொல்ல வெட்கம்!

என்ன வெட்கம், மாஸ்டர்? காணி உங்களுடையதுதான் என்று நானே எழுதிவிட்டேன். அந்த ஒரு விரலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இனி வருகிற அத்தியாயங்களும் உங்களிடம்தான் முதலில் வரும், அதற்கும் பயப்பட வேண்டாம். ஆனால் எனக்குத் தனியாக வந்து காதுக்குள் சொல்ல வேண்டாம், கேட்க மாட்டேன். புதன்கிழமைக்குள் ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். அடுத்த ஞாயிறு இதே பக்கத்தில் ஊர் வாசிக்கட்டும்.

காணியை வைத்திருங்கள், மாஸ்டர். பேயைத் திருப்பித் தாருங்கள். நகர்த்தியது நீங்களா, இல்லையா?